ஆர்வமூட்டல்: சில சந்தேகங்கள்

ஆசிரியர்களின் பாடக்குறிப்பேட்டில் முதல் கட்டத்துக்குப் பெயர் 'ஆர்வமூட்டல்'. 40 நிமிஷப் பீரியடில் அதற்கு 5 நிமிஷம். ஒரு படம், ஒரு புதிர், ஒரு குட்டிக் கதை, அல்லது கையில் தூக்கிக் காட்ட ஒரு பொருள். அது முடிந்ததும் பாடத்தின் தலைப்பு கரும்பலகைக்கு வந்துவிட வேண்டும். ஆசிரியப் பயிற்சி பெற்ற எவரும் இந்தக் கட்டத்தை நிரப்பாமல் வெளியே வந்திருக்க முடியாது. நெய்வேலி நகரியத்தில் நான் குடியிருக்கும் தெருவில் சுரங்கத்துக்கும் அனல்மின் நிலையத்துக்கும் ஷிப்டு போகிறவர்களை விட்டால் அடுத்தபடி ஆசிரியர்கள்தான் அதிகம். சாயங்கால வாசல் பேச்சில் இந்த 5 நிமிஷம் அடிக்கடி வந்து போகும். எது பலித்தது, எது பலிக்கவில்லை என்பதோடு பேச்சு முடிந்துவிடும். பலிப்பது இருக்கட்டும், செய்யத் தகுமா என்று யாரும் கேட்டு நான் கேள்விப்பட்டதில்லை.

நான் ஆசிரியனல்ல. வங்கியில் கவுண்டருக்குப் பின்னால் உட்கார்ந்திருக்கும் குமாஸ்தா. அந்தத் தூரத்தில் இருப்பதாலேயே இரண்டு கேள்விகள் எனக்கு எழுகின்றன. எழுந்து வெளியே போகும் சுதந்திரம் இல்லாத ஒருவனிடம் ஆர்வத்தைத் தூண்ட இன்னொருவனுக்கு என்ன உரிமை? தூண்டிய பிறகு அவனுக்கு இவன் என்ன கடன்படுகிறான்? முதல் கேள்விக்கு ஓரளவு விடை இருக்கிறது என்று நினைக்கிறேன். இரண்டாவதுதான் உறுத்துகிறது.

'ஊட்டல்' என்ற சொல்லைக் கவனிக்க வேண்டும். சோறு ஊட்டுவது, பால் ஊட்டுவது. வாய் திறக்கத் தெரிந்தால் போதும், கை எதிரில் இருப்பவருடையது. நன்னூலின் பொதுப்பாயிரத்தில் பவணந்தி மாணாக்கனைப் பற்றிச் சொல்லும்போது வருவது வேறு வினை. தாகம் எடுத்தவன் தண்ணீர் குடிப்பதைப் போல அவன் பாடத்தைக் குடிக்கிறான். காது அவனுக்கு வாயாகிவிடுகிறது, மனம் அதை வாங்கிவைக்கும் இடமாகிவிடுகிறது. ஆர்வத்தோடு வந்து சேர வேண்டியது அங்கே மாணவன் பொறுப்பு. 13ஆம் நூற்றாண்டில் தானாகக் குடித்துக்கொண்டிருந்தவன் எப்படி நம் காலத்தில் ஊட்டிவிட வேண்டியவன் ஆனான்?

நம் புலவர்களைக் கேட்டால் கலிகாலம் என்பார்கள், அல்லது கையில் இருக்கும் செல்போனைக் காட்டுவார்கள். அதே பாயிரத்தை இன்னும் கொஞ்சம் படித்தால் வேறு பதில் கிடைக்கிறது. யாருக்கெல்லாம் பாடம் சொல்லக் கூடாது என்று பவணந்தி ஒரு பட்டியல் தருகிறார். சோம்பேறி, நோயாளி, தூங்குமூஞ்சி, கோபக்காரன், மந்தபுத்தி, பழைய நூல்களைக் கண்டு மிரண்டு தடுமாறுகிறவன், இப்படி நீள்கிறது. இவர்களையெல்லாம் வாசலிலேயே நிறுத்திவிட்டால் உள்ளே மிச்சமிருப்பவர்கள் தாகத்தோடுதான் இருப்பார்கள். சாதியும் வறுமையும் அதற்கு முன்பே நடத்திவிட்ட வடிகட்டலைப் பட்டியலில் எழுத வேண்டிய அவசியமும் இருந்திருக்காது. பழைய திண்ணையின் தீவிரத்தை நினைத்து ஏங்குகிறவர்கள் திண்ணைக்குக் கீழே நின்றவர்களை எண்ணிப் பார்ப்பதில்லை.

இன்றைய வகுப்பறைக்கு அந்த வசதி கிடையாது. 2009இல் இயற்றப்பட்டு 2010 ஏப்ரலில் நடைமுறைக்கு வந்த கல்வி உரிமைச் சட்டத்தின்படி 6 முதல் 14 வயது வரை எல்லாக் குழந்தைகளும் உள்ளே இருக்க வேண்டும். பவணந்தி விலக்கிய அத்தனை பேரும் முதல் பெஞ்சிலிருந்து கடைசி பெஞ்சு வரை உட்கார்ந்திருக்கிறார்கள். இருப்பது நியாயம். அதனால்தான் முதல் கேள்விக்கு ஓரளவு விடை இருக்கிறது என்றேன். கேட்காமல் உள்ளே அழைத்து வந்தவனிடம் தாகத்தோடு வா என்று கட்டளையிட முடியாது. அவன் வந்ததற்கு ஏதாவது பொருள் உண்டு என்று காட்டும் பொறுப்பு அழைத்தவர்களுடையது. ஆர்வமூட்டல் என்பது ஜனநாயகம் பள்ளிக்கூடத்துக்குள் வந்ததன் தழும்பு. அதைக் கேலி செய்ய எனக்கு விருப்பமில்லை.

ஆனால் அந்தப் பொறுப்பு எப்படி 5 நிமிஷமாகச் சுருங்கியது என்பது தனிக்கதை. ஜெர்மானியத் தத்துவவாதி ஹெர்பார்ட் 1806இல் கல்வி பற்றிய தன் முக்கியமான நூலை வெளியிட்டபோது, பல திசைகளிலும் விரியும் ஆர்வமே போதனையின் இலக்கு என்றார். பாடத்தைத் தெரிந்துகொள்ள ஆர்வம் ஒரு கருவி என்பதல்ல அவர் சொன்னது. ஆர்வம் பிறக்கத்தான் பாடம். அவருக்குப் பின்வந்த ஸில்லரும் ரைனும் அவருடைய சிந்தனையை 5 படிகளாக வெட்டி அடுக்கினார்கள். முதல் படி ஆயத்தம், கடைசிப் படி பயன்படுத்தல். ஆசிரியப் பயிற்சிக் கல்லூரிகளுக்கு அது மிகவும் சௌகரியமாக இருந்தது. எத்தனையோ புதிய முறைகள் வந்து போன பிறகும் நம் பாடக்குறிப்பேட்டில் அந்தப் படிகளின் நிழல் விழுந்தபடிதான் இருக்கிறது. கடைசியில் வந்து சேர வேண்டிய ஊரை முதல் ஸ்டேஷனாக மாற்றிவிட்டார்கள். ரயில் கிளம்பிய பிறகு யாரும் அதைத் திரும்பிப் பார்ப்பதில்லை.

ஆங்கிலத்தில் இதற்கெல்லாம் ஒரே சொல், இன்ட்ரஸ்ட். என் தொழிலில் அது வட்டி. பி.ஏ. ஆங்கில வகுப்பில் படித்தபோது இந்த இரட்டை அர்த்தம் வெறும் வேடிக்கையாகத்தான் இருந்தது. லத்தீனில் அதன் மூலத்துக்கு 'இடையில் இருத்தல்' என்று பொருள். 'எனக்கு அதனால் நஷ்டமோ லாபமோ உண்டு' என்கிற அர்த்தம் பிறகு ஏறி, கடன் கொடுத்தவனுக்குச் சேர வேண்டிய ஈடு என்று மத்தியகாலச் சட்டத்தில் நுழைந்து, கடைசியில் எங்கள் லெட்ஜருக்கு வந்தது. தமிழில் இந்த ஒரு சொல்லின் இடத்தில் நாம் குறைந்தது மூன்றைப் புழங்குகிறோம். சுவாரஸ்யம், ஆர்வம், அக்கறை. சுவாரஸ்யம் பொருளில் இருப்பது, அல்லது பொருள்மேல் தூவப்படுவது. ஆர்வம் ஆளிடம் இருப்பது. அக்கறை இருவருக்கும் நடுவில் இருக்கிறது. அதில் 'எனக்கு இதில் பங்கு உண்டு' என்ற உணர்வு கலந்திருக்கிறது. லத்தீன் மூலத்துக்கு மிக நெருங்கி வருவது நம் அக்கறைதான். அன்பு ஆர்வத்தை ஈனுகிறது என்கிற வள்ளுவரின் வரிசையையும் இங்கே நினைத்துக்கொள்ளலாம். அவரிடம் ஆர்வம் தொடக்கமே அல்ல, இன்னொன்றுக்குப் பிறந்த குழந்தை.

நம் 5 நிமிஷம் சுவாரஸ்யத்தைத் தூவுகிறது. அது ஆர்வமாக மாறும் என்று எதிர்பார்க்கிறது. அக்கறையைப் பற்றி அது யோசிப்பதில்லை. யோசித்தால் சிக்கல் வரும் என்பது உள்ளூரத் தெரிந்திருக்கிறதோ என்னவோ.

அக்கறை எப்படிப் பிறக்கிறது என்பதற்குத் தமிழில் ஒரு அபூர்வமான சாட்சியம் இருக்கிறது. 'என் சரித்திர'த்தில் உ.வே. சாமிநாதையர் எழுதியிருப்பது. 1871இல் மாயூரத்தில் மகாவித்துவான் மீனாட்சிசுந்தரம் பிள்ளையிடம் வந்து சேர்ந்தபோது அவருக்கு வயது 16. முதலில் மூத்த மாணவர் ஒருவரிடம் பாடம் கேட்கும்படி ஆயிற்று. பிள்ளையவர்களிடம் நேரே கேட்க முடியவில்லையே என்ற தவிப்பு. பிள்ளையவர்கள் தம் வீட்டுத் தோட்டத்தில் மரங்களைக் கொண்டுவந்து நட்டுவைத்து, தினமும் காலையில் எந்தக் கிளையில் தளிர் விட்டிருக்கிறது என்று பார்த்துக்கொண்டு நடப்பாராம். இவர் அதைக் கவனித்துவிட்டு, அவருக்கு முன்பே எழுந்து போய்த் தளிர்களைத் தேடிக் கண்டுபிடித்து வைத்திருந்து அவரிடம் காட்டினார். பிள்ளையவர்களின் மனம் இவர் பக்கம் திரும்பியது. நேரடிப் பாடம் தொடங்கியது. அந்த அத்தியாயத்துக்கு ஐயர் வைத்திருக்கும் தலைப்பே 'தளிர் ஆராய்ச்சி'.

இங்கே ஆர்வமூட்டியவன் மாணவன். ஊட்டப்பட்டவர் ஆசிரியர். நம் பாடக்குறிப்பேடு தலைகீழாகிவிட்டது. இது ஒரு பையனின் தந்திரம்தானே என்று கேட்கலாம். தந்திரமாகத் தொடங்கியதுதான். ஆனால் அதைச் செய்ய விடியற்காலையில் நிஜமாகவே கிளை கிளையாகப் பார்க்க வேண்டியிருந்தது. இல்லாத தளிரைக் காட்ட முடியாது. ஆசிரியர் எதன்மேல் கண் வைத்திருந்தாரோ அதன்மேல் தானும் கண் வைத்தான் மாணவன். இரண்டு பேரும் பார்க்கும் மூன்றாவது பொருள் ஒன்று இடையில் வந்தது. பின்னாளில் செல்லரித்த ஏடுகளில் விடுபட்ட எழுத்தைத் தேடித் தேடி 1887இல் சீவக சிந்தாமணியை அச்சில் கொண்டுவந்த கண்கள் அந்தத் தோட்டத்தில் பழகியவை என்று எண்ணிக்கொள்வது எனக்குப் பிடித்திருக்கிறது. நிரூபிக்க முடியாது.

பிள்ளையவர்கள் எந்த ஆர்வமூட்டலும் செய்யவில்லை. அவர் மரத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார், அவ்வளவுதான். ஆனால் நிஜமாகப் பார்த்துக்கொண்டிருந்தார்.

இனி நெய்வேலிக்கு வருகிறேன். உதவித்தொகை வரும் கணக்குகளுக்குப் படிவம் வாங்கவும் போட்டோ ஒட்டவும் வங்கி சார்பில் பள்ளிக்கூடங்களுக்கு எங்களை அனுப்புவது உண்டு. அப்படி ஒருமுறை, எட்டாம் வகுப்பு ஒன்றின் வராந்தாவில் பெஞ்சு போட்டு உட்கார்ந்திருந்தேன். உள்ளே அறிவியல் பாடம் ஆரம்பித்தது. ஆசிரியை பழுப்பு நிறக் கட்டி ஒன்றைத் தூக்கிப் பிடித்து, "இது என்னன்னு யாருக்குத் தெரியும்?" என்றார். நெய்வேலியில் இப்படிக் கேட்பது மெரினாவில் மணலை அள்ளிக் காட்டிக் கேட்பது போல. அத்தனை கையும் உயர்ந்தது. எதற்குப் பயன்படுகிறது? கரண்டு எடுக்க. சரி. தலைப்பை எழுதத் திரும்பும் நேரத்தில் ஒரு பையன் எழுந்தான். "டீச்சர், கரி எடுத்து முடிச்சப்புறம் நெலத்தத் திருப்பிக் குடுத்துருவாங்களா டீச்சர்?"

வகுப்பு அமைதியாயிற்று. அது வரையில் இருந்தது சத்தம் மட்டும்தான் என்பது அப்போதுதான் தெரிந்தது. ஆசிரியை ஒரு கணம் நின்றார். "அத அப்புறம் பேசலாம்டா, உக்காரு" என்றார், மிருதுவாகத்தான். பையன் உட்கார்ந்தான். 'எரிபொருள்கள்' என்று கரும்பலகையில் எழுத்து விழுந்தது.

அவர் நல்ல ஆசிரியை. கட்டியைக் கையில் கொண்டுவர வேண்டும் என்று நினைத்தவர். அவரைக் குறை சொல்ல நான் இதை எழுதவில்லை. அந்தக் கேள்வியின் எடை அந்த அறையைவிடப் பெரியது. 2023 ஜூலையில் வளையமாதேவியில் நின்றிருந்த நெற்பயிரின்மேல் மண்வெட்டும் இயந்திரங்கள் இறங்கியதைத் தொலைக்காட்சியில் பார்த்த மாவட்டம் இது. நீதிமன்றங்களும் அமைச்சர்களும் திணறும் கேள்விக்கு 40 நிமிஷத்தில் ஒருவர் என்ன பதில் சொல்ல முடியும்?

ஆனாலும் நடந்தது என்ன என்று பார்க்க வேண்டும். ஆர்வமூட்டல் அன்று வெற்றி பெற்றுவிட்டது. அதன் விதிகளை எழுதியவர்கள் கனவில்கூட எதிர்பார்க்காத அளவுக்கு. ஒரு பையனிடம் நிஜமான அக்கறை எழுந்து நின்றது. எழுந்த உடனே அதை உட்காரச் சொல்ல வேண்டியதாயிற்று. முதலில் கேட்கப்பட்ட கேள்வி கேள்வியே அல்ல. விடை தெரிந்தவர், விடை தெரிந்தவர்களிடம் கேட்டது. இரண்டாவது வந்ததுதான் கேள்வி. அதற்கு அறையில் இருந்த யாருக்கும் விடை தெரியாது. பாடம் தொடங்கியிருந்தால் அங்கேதான் தொடங்கியிருக்க முடியும்.

நெய்வேலியில் வளர்கிற எந்தப் பிள்ளைக்கும் சுரங்கத்தின் ஒரு உண்மை தெரிந்திருக்கும். நிலக்கரிப் படுகைக்குக் கீழே ஊற்றுநீர் மேல்நோக்கி அழுத்திக்கொண்டே இருக்கிறது. இரவு பகலாகப் பம்பு போட்டு இறைத்து அந்த அழுத்தத்தைக் குறைத்துக்கொண்டிருக்கவில்லை என்றால் சுரங்கத்தின் தரை பிளந்துகொள்ளும். வகுப்பறையில் ஆர்வம் இல்லை, மேலிருந்து ஊட்ட வேண்டும் என்று நாம் சொல்லிக்கொண்டிருக்கிறோம். எனக்கு இப்போது சந்தேகமாக இருக்கிறது. கீழே அழுத்தம் எப்போதும் இருக்கிறது. பாடத்தை ஈரம்படாமல் வெட்டி எடுப்பதற்காக அதை நாள் முழுக்க இறைத்து வெளியே கொட்டிக்கொண்டிருக்கிறோம். பிறகு தரை வறண்டு கிடக்கிறதே என்று 5 நிமிஷம் தண்ணீர் தெளிக்கிறோம்.

இதையெல்லாம் பக்கத்து வீட்டு ஆசிரியரிடம் சொன்னேன். கணிதம் நடத்துகிறவர், 20 வருஷ அனுபவம். அவர் சிரித்துக்கொண்டே கேட்டார்: "பாஸ்புக் என்ட்ரி போட வந்தவரு, 'சார், பணம்னா என்ன சார்?'னு கேட்டா நீங்க கவுண்டர்ல என்ன சார் பண்ணுவீங்க? பின்னாடி 30 பேரு நிக்கிறாங்க." அடுத்தவரைக் கூப்பிடுவேன் என்றேன். "அதத்தான் நாங்களும் பண்றோம்" என்றார்.

அவர் சொன்னதில் நியாயம் இருக்கிறது. வகுப்பறையைக் கவுண்டராக்கியது அவரல்ல. ஆனால் கவுண்டர் கவுண்டர்தான் என்று சொல்லிக்கொள்ளும் நேர்மையாவது எங்களுக்கு இருக்கிறது. வந்தவரிடம் முதலில் 'பணம் என்றால் என்ன தெரியுமா, யோசியுங்கள் பார்ப்போம்' என்று கேட்டுவிட்டு, அவர் யோசிக்க ஆரம்பித்ததும் டோக்கன் நம்பரைக் கூப்பிட்டு அனுப்புவதில்லை. நான் கேட்பது இந்த இடத்தில்தான். தூண்டாமல் இருந்திருந்தால் கடன் இல்லை. தூண்டியவனுக்கு, அது எந்தப் பக்கம் போகிறதோ அந்தப் பக்கம் கொஞ்ச தூரமாவது கூடப் போகும் கடன் இருக்கிறது. அவ்வளவு தூரம் போக முடியாத நாளில் 'எனக்கு இதற்கு விடை தெரியவில்லை, ஆனால் நல்ல கேள்வி' என்று கரும்பலகையின் ஓரத்தில் அந்தக் கேள்வியை எழுதியாவது வைக்கலாம். அதற்கு அரை நிமிஷம் போதும். எழுதப்பட்ட கேள்வி உட்காருவதில்லை.

ஜான் டூயி 1913இல் எழுதிய சிறு நூலில், பாடத்தைச் சுவாரஸ்யமாக்கு என்பவர்களும், சுவாரஸ்யம் எதற்கு, முயற்சி செய்யச் சொல் என்பவர்களும் ஒரே தவறைச் செய்கிறார்கள் என்று காட்டுகிறார். பாடம் மாணவனுக்கு வெளியே எங்கோ கிடக்கிறது என்று இரு கட்சியும் முன்கூட்டியே ஒப்புக்கொண்டுவிட்டன. ஒருவர் அதன்மேல் சர்க்கரை பூசுகிறார், மற்றவர் பிரம்பை எடுக்கிறார். 1930களில் பிரான்ஸில் பெண்கள் பள்ளிகளில் தத்துவம் கற்பித்த சிமோன் வெயில், 1942இல் எழுதிய கட்டுரையில் இதன் இன்னொரு முகத்தைச் சொல்கிறார். கவனி என்று சொன்னால் குழந்தைகள் புருவத்தைச் சுருக்கி மூச்சைப் பிடித்துக்கொள்கிறார்கள். எதைக் கவனித்தாய் என்று சிறிது நேரம் கழித்துக் கேட்டால் பதில் இல்லை. தசைகளை இறுக்கிக்கொண்டது மட்டும்தான் நடந்திருக்கிறது. கவனம் அவருக்கு ஒருவகைக் காத்திருத்தல். மனத்தைக் காலியாக வைத்துக்கொண்டு, பொருள் தானாக வந்து நுழையும்வரை பொறுத்திருப்பது. அப்படிக் காத்திருக்க மாணவனுக்குச் சொல்லித்தர முடியாது. ஆசிரியர் காத்திருப்பதை அவன் பார்க்கலாம். தளிருக்காகத் தோட்டத்தில் நடந்தவரைப் பார்த்ததுபோல.

இந்தப் பத்திரிகையைப் படிக்கிறவர்களுக்கு இது வெறும் பள்ளிக்கூட விவகாரமாகத் தோன்றலாம். அப்படியல்ல. முதல் வரியிலேயே வாசகனைக் கவ்விப் பிடி என்பது வணிகப் பத்திரிகைகளின் ஆர்வமூட்டல். அதை நாம் போதுமான அளவு பரிகசித்தாயிற்று. ஆனால் பரிகசித்துவிட்டு நாம் நின்ற இடம் பெரும்பாலும் பவணந்தியின் வாசல். தகுதியில்லாதவன் வர வேண்டாம், தாகம் இருப்பவன் தேடி வரட்டும். நம் சின்ன எண்ணிக்கையையே ஒரு யோக்கியதையாக மார்பில் குத்திக்கொண்டோம். இரண்டுக்கும் அப்பால் ஒருவர் இருந்தார். 1959இல் 'எழுத்து'வைத் தொடங்கிய சி.சு. செல்லப்பா வாசகனைக் கவர ஒரு வரியைக்கூட இளக்கியவரல்ல. அதே மனிதர் புத்தக மூட்டையைத் தானே சுமந்துகொண்டு ஊர் ஊராக, கல்லூரி கல்லூரியாகப் போனார். சரக்கில் சர்க்கரை பூசவில்லை, ஆனால் வாசகன் வரட்டும் என்று வீட்டில் உட்கார்ந்திருக்கவும் இல்லை. அந்த மூட்டையைப் பார்த்த கல்லூரி மாணவன் ஒருவனுக்கு, இந்தக் கிழவரை இவ்வளவு தூரம் நடக்கவைப்பது எது என்ற கேள்வி எழுந்திருந்தால், அதைவிட நல்ல தொடக்கம் எந்தப் பாடத்துக்கும் இருக்க முடியாது.

நெய்வேலியின் கதையும் அப்படி ஒன்றில்தான் தொடங்குகிறது என்று இங்கே சொல்வார்கள். 1930களில் ஜம்புலிங்க முதலியாரின் நிலத்தில் கிணற்றுக்காகத் துளையிட்டபோது தண்ணீரோடு கறுப்பாக ஏதோ துகள் வந்தது. தண்ணீர் வேண்டி வெட்டிய இடத்தில் வேண்டாதது வந்தது என்று கொட்டிவிட்டுப் போயிருக்கலாம். அவர் அதை எடுத்துப் பார்த்தார், அதிகாரிகளிடம் கொண்டுபோனார். 1956இல் நிறுவனம் வந்தது, 1961இல் நிலக்கரி வந்தது, ஊர்கள் போயின, நகரியம் எழுந்தது, நான் வேலை பார்க்கும் வங்கிக் கிளையும் வந்தது. இதையும் பாடப்புத்தகத்தில் ஆர்வமூட்டும் பெட்டிச் செய்தியாகப் போட்டுவிடலாம். போட்டால், கூடவே வரும் கறுப்புத் துகளை என்ன செய்யப்போகிறோம் என்பதையும் முடிவு செய்துகொண்டு போட வேண்டும். அந்தப் பையனுக்கு இப்போது ஒன்பதாம் வகுப்பு. அவன் கணக்கில் அரசாங்கம் போடும் உதவித்தொகைக்கு நாங்கள் தவறாமல் வட்டி சேர்க்கிறோம். அசல் என்று ஒன்று இருந்தால்தான் வட்டி. வகுப்பறையில் அவன் கொண்டுவந்து வைத்த அசல் அந்தக் கேள்வி. அது இன்னும் எந்தக் கணக்கிலும் வரவு வைக்கப்படவில்லை.